காய்ச்சல் குறைந்துபோன மாதம்

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் தவிர வேறெதையும் நான் குடிப்பதில்லை. அதனால் நீங்கள் வைத்த டம்ளரைத் தொடாமல் இருக்கிறேனே என்று தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர். நெடுநாள் பழக்கம். விசேஷ வீடுகளிலும் இப்படித்தான். என் அண்ணன் மருமகள் வளைகாப்பில் கொடுத்த பானகத்தைப் பேச்சு முடியும்வரை கையிலேயே வைத்திருந்துவிட்டு, கிளம்பும்போது வாசல் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு வந்தேன். செடிகளுக்கு டைபாய்டு வராது.

நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. எந்த ஆளுக்கு எந்த ஊசி போட்டோம் என்பதைத் தவிர எங்கள் துறையில் எதையும் மறைக்கக் கூடாது.

சிவகாசியில் என் குடும்பத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பா காலண்டர் அச்சடித்தார். அண்ணன் பத்திரகாளி என்ற பட்டாசு கம்பெனியை நடத்துகிறார். வியாபாரத்துக்கு லாயக்கில்லை என்று சின்ன வயதிலேயே முடிவாகிவிட்ட பிள்ளை நான். அதனால் படிக்க வைத்தார்கள். மதுரையில் மருத்துவம் முடித்து, வெளிநாடு போய்த் தொற்றுநோய்களைப் பற்றி மேற்படிப்புப் படித்தேன். அங்கே எல்லா வசதியும் இருந்தது. பெரிய ஆய்வகங்கள், நல்ல நூலகம், கேட்ட கருவி மறுநாளே வரும். நோய்தான் இல்லை. என் பேராசிரியர், தான் இளைஞராக இருந்தபோது பார்த்த ஒரே ஒரு டைபாய்டு நோயாளியைப் பற்றி, வால்நட்சத்திரத்தைப் பார்த்தவர் மாதிரி பேசுவார். எங்கள் ஊர்ப்பக்கம் வருடா வருடம் எத்தனை பேர் அதில் படுக்கிறார்கள் என்று நான் சொன்னபோது அவர் கண்ணில் பொறாமையைப் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு பார்வையை என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்மீது செலுத்தியதில்லை.

ஊர் திரும்பினேன். தாய்மண்ணுக்குச் சேவை செய்ய வந்த டாக்டர் என்று பத்திரிகையில் போட்டார்கள். பொய் இல்லை. மண்ணுக்காகத்தான் வந்தேன். குறிப்பாகச் சொன்னால் தண்ணீருக்காக.

விருதுநகர் ரோட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினேன். பள்ளிக்கூடங்களில் கை கழுவுவது எப்படி என்று பேசினேன். சுவர்களில் ஈயும் கொசுவும் வரைய ஏற்பாடு செய்தேன். விருதுகள் வந்தன. அந்த நேரத்தில்தான் ஒரு புதிய டைபாய்டு தடுப்பூசியைச் சோதிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. டைபாய்டுக்கு ஏற்கெனவே ஊசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல ஊசிதான். ஆனால் அது வேறு ஆட்கள் கண்டுபிடித்தது.

இந்தச் சோதனை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விசித்திரமாகத் தெரியும். ஒரு ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு டைபாய்டு ஊசி போடுவோம். மீதிப் பாதிக்கு வேறொரு ஊசி. யாருக்கு எது என்பது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. பிறகு காத்திருக்க வேண்டும். டைபாய்டு வர வேண்டும். வேறு ஊசி போட்டவர்களுக்கு நிறைய வந்து, நம் ஊசி போட்டவர்களுக்கு வராமல் இருந்தால் நம் ஊசி நல்ல ஊசி. யாருக்குமே வராவிட்டால் ஊசி நல்லதா கெட்டதா என்று கடவுளாலும் சொல்ல முடியாது. ஆக, நோய் வருவது இதில் ஒரு மூலப்பொருள். நம் ஊர்ப் பட்டாசுக்கு மருந்தும் திரியும் மாதிரி.

நல்ல இடம் கிடைப்பது சுலபமாக இல்லை. மல்லாங்கிணறு பக்கம் போனேன். வறண்ட பூமி, ஆழ்துளைக் கிணறு, தண்ணீர் சுத்தம். அங்கே டைபாய்டு கேட்டாலும் கிடைக்காது. காரியாபட்டிப் பக்கம் ஒரு கிராமம் அருமையாக இருந்தது. வேலையைத் தொடங்கப் போகும் நேரத்தில் யாரோ ஒரு மகராசன் மேல்நிலைத் தொட்டி கட்டி, புதுக் குழாய் போட்டுக் கொடுத்துவிட்டான். அடுத்த கோடையில் அந்த ஊரே திடகாத்திரமாக நடமாடியது. என் உழைப்பெல்லாம் வீணானது.

கடைசியில் நாரணாபுரத்துக்குத் தள்ளி, ஓடையோரமாக அந்தக் காலனி கிடைத்தது. அந்தச் சனங்களின் தாய் தகப்பன் காலத்தில் காடு கழனி வேலை. இப்போது ஆணும் பெண்ணும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குப் போகிறார்கள். தண்ணீர்க் குழாய் ஒரு திருப்பத்தில் சாக்கடைக்குள்ளே இறங்கி ஏறுகிறது. அந்த இடத்தில் குழாயில் வெடிப்பு. தண்ணீர் விடாத நேரத்தில் வெற்றுக் குழாய் சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் விட்டதும் அது வீடு வீடாகப் போய்ச் சேரும். முதல் தடவை போனபோதே பார்த்துவிட்டேன். அண்ணன் தன் மகன் தருண்குமாருக்குப் பெண் பார்த்தபோது எவ்வளவு திருப்தியோடு வீடு திரும்பினாரோ, அவ்வளவு திருப்தியோடு அன்று நான் திரும்பினேன்.

இசைவாணி அந்தக் காலனிப் பெண். தீப்பெட்டி ஆலைக்குப் போகும் தாய்க்குப் பிறந்து நர்சிங் படித்தவள். அவளைக் களப் பொறுப்பாளராக வேலைக்கு எடுத்தேன். அவள் சொன்னால் சனங்கள் கேட்பார்கள். வீடு வீடாகப் போய் விளக்கினோம், சம்மதம் வாங்கினோம். எல்லாம் முறைப்படி. சோலையம்மாள் என்று ஒருத்தி. புருஷன் இல்லை. ஆலையில் திரி செருகும் வேலை. நான் விளக்கமாகச் சொல்லி முடித்ததும், "ஏதாவது கேட்கணுமாம்மா?" என்றேன்.

"நீங்க சொன்னா சரிதாங்கய்யா. நீங்க எங்களுக்குக் கெடுதலா செய்யப் போறீக?" என்றாள்.

அவள் மகள் ரோஜா நாலாம் வகுப்பு. ஊசிக்கு அழவில்லை. "எனக்குப் போட்டது அந்த ஊசியா, இந்த ஊசியா?" என்று கேட்டாள்.

"எனக்கே தெரியாது பாப்பா."

அது அவளுக்குப் பெரிய வேடிக்கையாகிவிட்டது. வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் ஓடிப்போய், "ஏலே, டாக்டருக்கே தெரியலையாம்லே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். குழந்தைகள் என்றால் எனக்குப் பிரியம்.

முதல் வருடம் நன்றாகவே போனது. காய்ச்சல் வந்தது. வந்தவர்களுக்கு இரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம். பிழைத்தார்கள். காலனியில் என்னைக் கும்பிட்டார்கள். வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றில் நம் ஊர்ப் படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். சாக்கடையில் குழாய் இறங்கும் அந்தப் படத்தைப் பார்த்து அரங்கமே அமைதியானது. பிறகு கை தட்டினார்கள்.

முதல் தொந்தரவு என் அண்ணனிடமிருந்து வந்தது. என் அண்ணன் வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்ய நினைத்தது அந்த ஒருமுறைதான். அது என் வேலைக்குக் குறுக்கே வர வேண்டுமா? அவர் ஆலைக்கு அந்தக் காலனியிலிருந்துதான் ஆட்கள் வருகிறார்கள். ஆடி மாதம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"ஏலே தம்பி, அந்தக் காலனில வீட்டுக்கு ஒரு ஆளு காய்ச்சல்னு படுத்துக் கெடக்காக. சீசன் நேரம். வடக்க இருந்து வந்த ஆர்டர் அப்படியே நிக்குது. பேசாம அப்பா பேர்ல குழாயப் புதுசா மாத்தி, ஒரு சுத்திகரிப்பு மெஷினும் வச்சுக் குடுத்துருவோமா? நீதான் டாக்டரு. என்னலே சொல்ற?"

குழாய் மாறினால் என் சோதனை அதோடு முடிந்தது. ஆனால் அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும்.

"நல்ல யோசனைண்ணே. ஆனா குழாய் மண்ணுக்கு அடியில போகும். அப்பா பேரை எங்க எழுதுவீக?" என்றேன்.

"மெஷின் மேல எழுதலாம்ல?"

"எழுதலாம். அதுல குடத்தைத்தான் வைப்பாக. ரோட்டு மேல ஒரு நுழைவாயில் வளைவு கட்டினா, போற வார பஸ்ல இருக்கவங்க எல்லாம் அப்பா பேரைப் படிப்பாங்க."

வளைவு கட்டப்பட்டது. நீங்களும் அதன் வழியாகத்தான் என்னைக் கூட்டிவந்தீர்கள். உச்சியில் கலசம், இரண்டு பக்கமும் யானை, இரவில் எரியும் வண்ண விளக்கு. திறப்பு விழாவில் சுத்தமான குடிநீரின் அவசியம் பற்றி நான்தான் சிறப்புரை. சோலையம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

இரண்டாவது தொந்தரவு இசைவாணி. அவள் ஒருநாள் என் அறைக்கு வந்து, "சார், திருப்பத்துல குழாய் வெடிச்சுச் சாக்கடைக்குள்ள கெடக்கு. நம்ம கேஸ் எல்லாம் அதுக்கு அங்கிட்டு உள்ள தெருக்கள்லதான் வருது. அதை அடைச்சா காய்ச்சலே நின்னுரும் சார்" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"நல்ல கவனிப்பு, இசைவாணி. சம்பந்தப்பட்டவங்களுக்கு எழுதிடலாம்" என்றேன்.

"எப்ப சார்?"

"ஆய்வு முடியட்டும். நாம ஆராய்ச்சி செய்ய வந்தவங்க. களத்தை நாமே மாத்தினா முடிவு தப்பா வரும்."

"பிள்ளைக குடிக்கிற தண்ணி சார்" என்றாள்.

"அதுக்குத்தானே ஊசி கண்டுபிடிக்கிறோம்" என்று விளக்கினேன். புரிந்தது போலத் தலையாட்டிவிட்டுப் போனாள். புரியவில்லை என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. தன் சித்தப்பா மகன் மாரிக்கண்ணனையும் அவன் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு, பழைய லாரி டியூப்பை நீளநீளமாக வெட்டி, வெடிப்பின் மேல் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார்கள். படிக்காத பையன்கள் கட்டிய கட்டு. ஒரு வாரத்தில் கழன்றுவிடும் என்று நினைத்தேன்.

கழலவில்லை. காய்ச்சல் குறைந்தது.

அந்த மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. காலையில் கிளினிக்கைத் திறந்து வைத்தால் ஆள் வரமாட்டார்கள். வருகிறவர்களும் முழங்கால் வலி, தேமல் என்று வருவார்கள். என் மருத்துவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போய்விட்டன. தெருவில் எங்கே பார்த்தாலும் ஆரோக்கியம். ஊசி தயாரித்தவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். மரியாதையானவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. "கேஸ் வருகை எதிர்பார்த்ததைவிட மந்தமாக இருக்கிறதே, டாக்டர்?" என்று மட்டும் கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் பேருக்கு வந்திருந்தால் போதும், சோதனை முடிந்திருக்கும். கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறோம்.

நான் உணர்ச்சிவசப்படுகிற ஆள் இல்லை. நிதானமாக யோசித்தேன். ஒரு பக்கம் இனிமேல் பிறக்கப் போகிற கோடிக்கணக்கான குழந்தைகள். இன்னொரு பக்கம் ஒரு லாரி டியூப். நீங்களே சொல்லுங்கள்.

வேறு யாரையாவது விட்டுச் செய்யச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தவறான காரியத்தில் இன்னொருவரை இழுத்துவிடுவது என் இயல்பு இல்லை. மத்தியான வேளையில் போனேன். காலனி ஆலைக்குப் போயிருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். டிரைவர் தங்கச்சாமியை வளைவுக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு நடந்தேன். சாக்கடை ஓரத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன். கையுறை போட்டுக்கொண்டுதான்.

அப்போது பின்னால் சோலையம்மாள் குரல் கேட்டது. விரலில் பட்டாசு மருந்து பட்டுப் புண்ணாகி அன்றைக்கு அவள் வேலைக்குப் போகவில்லை.

"ஐயோ, என்னங்கய்யா இது! நீங்க போயி சாக்கடைக்குள்ள கைய விட்டுக்கிட்டு இருக்கீக! சொல்லிவிட்டா நம்ம பயலுக வந்து பாப்பானுகள்ல?"

"கட்டு எப்படி இருக்குன்னு பார்த்தேம்மா."

"நல்லாக் கட்டியிருக்கானுகளாய்யா?"

"நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்றேன். அதுவும் உண்மை. அவிழ்ப்பது சுலபமாக இல்லை.

"இந்த வெயில்ல இப்படி உக்காந்திருக்கீகளே" என்று சொல்லி வீட்டுக்கு ஓடினாள். ஒரு கறுப்புக் குடையை எடுத்துவந்து என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றாள். சாக்கடை நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். குடை மட்டும் அசையவில்லை. அவள் நிழலில் உட்கார்ந்துதான் ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தேன். அவிழ்த்த டியூப்பைத் தண்ணீருக்கடியில் ஒதுக்கிவிட்டேன். எழுந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. அவள் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

காய்ச்சல் திரும்பி வந்தது. தீபாவளிக்கு முன்னாலேயே எங்களுக்குத் தேவையான எண்ணிக்கை கிடைத்துவிட்டது.

ரோஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் கண்டது உச்ச சீசனில். சோலையம்மாளுக்கு விரல் ஆறி, மறுபடியும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். லோடு போக வேண்டிய நேரம், லீவு கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அதுவும் என் அண்ணன் ஆலைதான். கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருக்கிறாள். எங்களிடம் கொண்டுவந்தபோது பிள்ளையின் வயிறு பலகை மாதிரி இருந்தது. டைபாய்டு முற்றினால் குடலில் ஓட்டை விழும். தாய் சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அதற்காக அவளை நான் ஒரு வார்த்தைகூடக் குறை சொன்னதில்லை.

என் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பின் சீட்டில் அம்மா மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். வழியில் ஒருதரம் கண்ணைத் திறந்து, "டாக்டரு வாராரா?" என்று கேட்டாள்.

"முன்னாடி உக்காந்திருக்காக பாரு. டாக்டரய்யா நம்ம கூடயே வாராக" என்றாள் சோலையம்மாள்.

ஆபரேஷன் செய்தார்கள். அவர்களால் முடிந்ததை எல்லாம் செய்தார்கள். பிள்ளை பிழைக்கவில்லை. திரும்பி வரும்போது நான் காரில் அழுதேன். தங்கச்சாமியைக் கேளுங்கள், சொல்லுவான். ஒரு கொலைகாரன் அழுவானா? இதை உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சமயத்தில் காலனியில் இன்னும் இரண்டு பேர் இறந்தார்கள். பெரியவர்கள். அவர்கள் எங்கள் ஆய்வில் சேராதவர்கள். அதனால் அவர்களைப் பற்றி என்னிடம் முழு விவரம் இல்லை.

பிறகு முடிவுகளைத் திறந்தோம். யாருக்கு எந்த ஊசி என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நம் ஊசி நன்றாக வேலை செய்திருந்தது. ஏற்கெனவே இருக்கிற ஊசிக்குக் கிட்டத்தட்டச் சமம். ரோஜாவுக்குப் போட்டது மற்ற ஊசி. வெறும் தண்ணீரைப் போட்டோம் என்று சிலர் வெளியே பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அது அபாண்டம். அவளுக்குப் போட்டது தரமான ஃபுளூ ஊசி. அவளுக்கு ஃபுளூ வரவேயில்லை.

நான் மாட்டிக்கொண்டது யாரும் என்மேல் சந்தேகப்பட்டதால் இல்லை. என்னைப் புகழ்ந்ததால். ரோஜாவின் கருமாதி விசேஷத்துக்கு இசைவாணி போயிருக்கிறாள். அங்கே வந்த சொந்தக்காரர்களிடம் சோலையம்மாள், "அம்புட்டுப் பெரிய டாக்டரு, நமக்காகச் சாக்கடைக்குள்ள கைய விட்டுக் குழாயப் பாத்தாக. நான்தான் கொடை பிடிச்சேன். எம்பிள்ளைக்குத்தான் குடுத்து வைக்கல" என்று சொல்லி அழுதிருக்கிறாள். இசைவாணி பந்தியில் உட்காராமல் நேரே திருப்பத்துக்குப் போயிருக்கிறாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கித் தேடியிருக்கிறாள். டியூப் கிடைத்தது. அறுந்திருக்கவில்லை, முடிச்சு அவிழ்ந்திருந்தது. மறுநாள் என் அறைக்கு வந்து அதை மேசைமேல் வைத்தாள்.

"நீங்களா சார்?" என்று கேட்டாள்.

"உக்காரு" என்றேன். உட்காரவில்லை. நான் உங்களிடம் இப்போது சொல்கிற மாதிரியே எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். கோடிக்கணக்கான குழந்தைகளைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவளுக்கு நான்தான் சார் கையைப் பிடிச்சிருந்தேன், ஊசி போடறப்ப" என்றாள். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்துவிட்டாள். குழாயையும் காலனிக்காரர்களே மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அண்ணன்தான் சாமான் வாங்கிக் கொடுத்தாராம், பேர்கூடப் போடாமல். வயதாகிறது அவருக்கு.

ஆக, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: ஆமாம். கட்டை அவிழ்த்தது நான். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அவிழ்த்தேன். இந்த ஜில்லாவில் என்னைவிட நன்றாக அது வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. ஆனால் ரோஜாவை நான் தேர்ந்தெடுக்கவில்லை. யாரையுமே தேர்ந்தெடுக்கவில்லை. இந்த ஊரில் அந்தச் சனங்களை வேறுபாடு பார்க்காமல் நடத்திய ஒரே ஆள் நான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. நேற்றுச் சாயங்காலம் சோலையம்மாள் இங்கே வந்தாள். நீங்கள்தான் அனுமதி கொடுத்தீர்கள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

பிறகு கேட்டாள். "எம்பிள்ளைக்கு அந்த இன்னொரு ஊசியப் போட்டிருந்தா பொழச்சிருக்குமா?"

நான் பொய் சொல்லவில்லை. "பெரும்பாலும் பிழைச்சிருப்பா" என்றேன்.

"குழாய் கட்டு அப்படியே இருந்திருந்தா?"

"அப்பவும்."

"அப்ப, ஊசியே இல்லாட்டியும், குழாய் நல்லா இருந்திருந்தாப் போதும்?"

"ஆமாம்மா. அது போதும்."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படி இறங்கிப் போனாள்.

ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்ஸ்பெக்டர். முதலில் அவளிடம் சம்மதம் வாங்கப் போனபோது ஒரு கேள்விகூடக் கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவள். இப்போது மூன்றே கேள்வியில் என் மொத்த ஆராய்ச்சியின் அடிப்படைக்கே வந்துவிட்டாள். சுகாதார விழிப்புணர்வு என்று மேடை மேடையாகப் பேசினேனே, அது வீண்போகவில்லை. அந்தக் காலனிக்கு நான் என்ன செய்தேன் என்று நாளைக்கு யாராவது கேட்டால், தயங்காமல் அவளைக் காட்டுங்கள்.